கூரைமேல் ஒரு மின்நிலையம்: விதியும் விழிப்பும்

தோற்றுவாய்

மொட்டைமாடி சென்னை மக்களின் வாழ்வோடு பிரிக்கவியலாதவாறு கலந்த ஒன்றாகும். வற்றல் உலர்த்தவும், துணி காயவைக்கவும், கோடை மாலைகளில் கடற்காற்று வாங்கவும் பயன்பட்டுவந்த அவ்விடம் இன்று மின்சாரம் விளையும் களமாகவும் மாறிவருகின்றது. மயிலாப்பூரின் பழைய வீடுகளிலும், தியாகராய நகரின் வணிக மாளிகைகளிலும், அடையாற்றின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் சூரிய மின்தகடுகள் கதிரவனை நோக்கிச் சாய்ந்து நிற்கக் காண்கிறோம். இவற்றை அமைத்தற்குரிய அனுமதி முறைகள் யாவை? அவற்றால் தீ நேராவண்ணம் காத்துக்கொள்ளும் நெறிகள் யாவை? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அனுமதியின் வழி

தமிழ்நாடு அரசு 2012ஆம் ஆண்டில் தனது சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. பின்னர் 2019இல் புதிய கொள்கை வந்தது. நடுவண் அரசின் ‘பிரதமர் சூரிய வீடு’ திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பெற்றது. அதன்படி ஒரு கிலோவாட் அமைப்புக்கு 30,000 ரூபாயும், இரண்டு கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலுமாயின் 78,000 ரூபாயும் வீட்டுடைமையாளர்க்கு மானியமாக வகுக்கப்பெற்றன. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ நூறு சதுர அடி நிழலற்ற இடம் தேவை. சென்னை வெயிலில் அஃது நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு யூனிட் அளவில் மின்சாரம் தரவல்லது.

வீட்டுடைமையாளர் இணையவழி விண்ணப்பித்து, பதிவுபெற்ற நிறுவுநரைக் கொண்டு தகடுகளை அமைத்தபின், மின்பகிர்மானக் கழகத்தார் இருவழி மின்னளவியைப் பொருத்துவர். 2024 பிப்ரவரியில் திருத்தப்பெற்ற மின்நுகர்வோர் உரிமை விதிகள் இம்முறையை மேலும் எளிதாக்கின. பத்து கிலோவாட் வரையிலான விண்ணப்பங்கள், தொழில்நுட்ப இயலுமை ஆய்வின்றியே ஏற்கப்பட்டனவாகக் கருதப்படும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு அவ்வாய்வை முடிக்கும் கால எல்லை இருபது நாளிலிருந்து பதினைந்து நாளாகக் குறைக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. அவ்வியலுமை ஆய்வு தெருவிலுள்ள மின்கம்பியும் மின்மாற்றியும் புதிய மின்சாரத்தைத் தாங்குமா என்பதைப் பற்றியது. நம் மாடியின் மரவிட்டம் தாங்குமா, கம்பி எந்த அறை வழியே இறங்குகிறது, மாடிக்கதவின் முன் நடக்க வழியுண்டா என்பன அதன் எல்லைக்குள் வருவன அல்ல. அனுமதி எளிதாயிற்று, அதனால் வீட்டுடைமையாளரின் பொறுப்புப் பெரிதாயிற்று.

அணைக்கவியலாத மின்சாரம்

சூரிய மின்தகட்டால் தீ நேர்வது அரிதே. ஆயினும் நேருமிடத்து அதன் இயல்பு வேறானது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டு மீள்வதால், தளர்ந்த இணைப்பில் எழும் தீப்பொறி தானே அவிந்துவிட வாய்ப்புண்டு. தகடு தருவதோ ஒருதிசை மின்னோட்டம். அதற்கு இடையில் ஓய்வில்லை. இணைப்பான் சரியாகப் பூட்டப்படாவிடினும், கம்பியின் உறையை அணில் கடித்துவிடினும், அவ்விடைவெளியில் எழும் பொறி ஒளிவில்லாக நின்றெரிந்து, அருகிலுள்ளவற்றைப் பற்றவைக்கும்.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. தெருவில் மின்சாரம் நின்றுபோனால் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிய பணியாளர் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் இன்வெர்ட்டர் நின்றாலும், பகற்பொழுதில் தகட்டிலிருந்து அதுவரை வரும் கம்பிகளில் மின்னழுத்தம் நின்றபாடிருக்கும். ஒரு தகடு நாற்பது, ஐம்பது வோல்ட் தரும். எட்டுத் தகடுகளைத் தொடராக இணைத்தால் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் எழும். கதிரவனை அணைக்கும் விசை எவரிடமும் இல்லை.

2013ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் டெலான்கோ என்னும் ஊரில் ஒரு பெருங்கிடங்கு எரிந்தபோது, கூரைமேல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் இருந்தமையால் தீயணைப்பு வீரர்கள் மேலேறிப் போராட இயலாது விலகி நிற்க நேர்ந்தது. கூரைமேல் வழியின்மையும் மின்னச்சமும் ஒன்றுசேர்ந்தால் விளைவு யாது என்பதற்கு இஃதொரு சான்று. அந்நாட்டில் கூரை ஓரங்களில் நடைவழி விடுதலும், மின்னழுத்தத்தை விரைந்து தணிக்கும் கருவி பொருத்துதலும் விதிகளில் இடம்பெற்றுள்ளன.

மூன்று பகுதிகள், மூன்று கவலைகள்

மயிலாப்பூரின் பழைய வீடுகள் பல ‘மெட்ராஸ் டெரஸ்’ முறையில், தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்டுக் கட்டப்பட்டவை. அச்சட்டங்களுள் கரையான் அரித்தவை எவை என்பது மேலிருந்து தெரியாது. கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பின்னரே பாரம் ஏற்றுதல் தகும். மரம் எரியும் பொருளாதலின் கம்பிகள் அதனை ஒட்டிச் செல்லலாகாது.

தியாகராய நகரில் 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடையொன்று பற்றியெரிந்து, ஒருபகுதி சரிந்து விழுந்ததை நகர மக்கள் மறந்திலர். அத்தீக்கும் சூரியத் தகட்டுக்கும் தொடர்பில்லை. ஆயினும் நெருங்கிய தெருக்களில் தீயணைப்போர் நெருங்கிச் செல்ல வழியின்மை எத்துணைக் கொடிது என்பதை அது காட்டியது. 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்டவை உயர்மாடிக் கட்டடங்கள். அவற்றுக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அச்சான்று பெற்ற கட்டடத்தில், பின்னாளில் வந்த தகடுகள் மாடியின் நீர்த்தொட்டியையும் தீயணைப்புக் குழாய்களையும் மறைத்துவிடின் சான்றின் பயன் யாது?

அடையாற்றிலும் பெசன்ட் நகரிலும் உப்புக்காற்று இரும்பைத் தின்னும். துருவேறிய தாங்கி புயலில் நில்லாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரின் மரங்களை வேரோடு சாய்த்ததை நாம் கண்டோம். இந்தியத் தர விதி சென்னைக்கு நொடிக்கு ஐம்பது மீட்டர் காற்று வேகத்தை அடிப்படையாகக் கொள்கிறது. தாங்கிகள் அதற்கேற்ப அமைதல் வேண்டும். மேலும் இங்குள்ள அடுக்குமாடிகளில் மாடி ஒருவருக்குரியதன்று. 2016ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் மாடியைப் பொதுப்பகுதிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆகவே சங்கத்தின் இசைவு முதற்படியாகும்.

கைக்கொள்ள வேண்டுவன

ஒன்று: மாடிக்கதவிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை மூன்றடி அகல வழியைத் தடையின்றி விடுக.

இரண்டு: தகடுகளின் அருகிலேயே ஒருதிசை மின்துண்டிப்பானை அமைக்கச் சொல்க, கீழே இன்வெர்ட்டர் அருகில் மட்டும் அமைவது போதாது. வீட்டினுள் இறங்கும் கம்பியை உயிரற்றதாக்குவது மேலுள்ள துண்டிப்பானே.

மூன்று: இணைப்பான்கள் இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். ஒருதிசைக் கம்பியை வீட்டு மின்கம்பியோடு ஒரே குழாயில் செலுத்தலாகாது.

நான்கு: தகடுகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி நிலத்தொடர்பு வேண்டும்.

ஐந்து: தகடுகளின் அடியில் சருகும் பறவைக் கூடும் சேரவிடாதீர். அருகில் கீற்றுக்கொட்டகை வேண்டா. மின்கலம் வைப்பதாயின் மாடிப்படியின் கீழ் வைக்காதீர். தீ நேர்ந்தால் வெளியேறும் வழி அதுவே.

ஆறு: ‘இவ்வீட்டின் மேல் சூரிய மின்னமைப்பு உள்ளது’ என்ற பலகையையும் துண்டிப்பான்களின் இடம் காட்டும் படத்தையும் வாயிலருகே மாட்டுக. தீ நேர்ந்தால் நீரை வாரி இறைக்காது, 101 எண்ணை அழைத்து இச்செய்தியை முதலில் சொல்க.

முடிவுரை

கதிரவன் ஒளி இலவசமாகக் கிடைப்பது; அதனைக் கம்பியில் அடக்கியபின் அதற்குரிய விழிப்பு நம் கடனாகிறது. அரசின் அனுமதிச்சீட்டு நம் மின்னளவி வரை வந்து நின்றுவிடும். மாடிப்படி ஏறி, புகையினூடே நம் வீட்டைக் காக்க வரும் தீயணைப்பு வீரர் நாம் விட்டுவைத்த மூன்றடி வழியை நம்பியே கால் வைக்கிறார். அவ்வழியை அளந்துவிடுதல் விதிக்கு அஞ்சிச் செய்வதன்று; அவர் உயிர்க்கு நாம் செலுத்தும் மதிப்பாகும்.