பாய் விரித்து சிட்னிக்குள்...

தோழியரே, சிட்னியில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு 2023 மார்ச் மாதம் போய் வந்தேன். அங்குள்ள ஆபரா ஹவுஸைப் பற்றி எல்லாரும் எழுதியாச்சு. நான் எழுதப் போவது அந்தத் துறைமுகத்துக்குள் கடல் வழியாக, பாய்மரப் படகில் வந்த கதையை!

தங்கையும் மாப்பிள்ளையும் நண்பர்களோடு பங்கு போட்டு, முப்பதடி நீளப் பழைய படகு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குள்ளேயே சமையல், படுக்கை, கழிப்பறை எல்லாம் அடக்கம். அடுப்பைத்தான் நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூளி மாதிரி தொங்குகிறது. படகு சாய்ந்தாலும் அடுப்பு நேராகவே நிற்கும். பாத்திரம் நகராமல் இருக்கச் சுற்றிலும் கம்பி. நல்ல தண்ணீர் மட்டும் அளந்துதான். கழிப்பறைக் கழிவைத் தண்ணீரில் விடக் கூடாதாம். தொட்டியில் சேர்த்து வைத்து, கரையில் அதற்கென்று இருக்கும் இடத்தில் இறைத்து எடுக்கிறார்கள். (நம்ம ஊர் ஆறுகளுக்கும் இப்படி ஒரு சட்டம் நடந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!)

சிட்னிக்கு வடக்கே பிட்வாட்டர் என்ற இடத்தில் இரண்டு ராத்திரி தங்கினோம். காடும் தண்ணீரும்தான். குட்டிக் கங்காரு மாதிரி இருக்கும் வாலபிகள் கரையில் மேயும். என் பத்து வயதுப் பெண்ணுக்கு அங்கிருந்து கிளம்பவே மனமில்லை.

மூன்றாம் நாள் காலை, மாப்பிள்ளை ரேடியோவில் கடல் மீட்புத் தொண்டர்களைக் கூப்பிட்டு, எத்தனை பேர், எங்கே போகிறோம், எத்தனை மணிக்குள் சேருவோம் என்று பதிவு செய்தார். சொன்ன நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்களாம். ஊரிலிருந்து அம்மா, "பொம்பளைப் புள்ளைய வச்சுக்கிட்டு நடுக்கடலுக்குப் போறியே"ன்னு போனில் ஒரே அழுகை. இதைச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் அடங்கினார்.

1881-ல் கட்டிய பாரன்ஜோய் கலங்கரை விளக்கத்தைத் தாண்டினதும் திறந்த கடல். துறைமுக வாசல் சுமார் 15 கடல் மைல், நம் கணக்கில் 28 கிலோமீட்டர். இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டு, தொடுவானத்தையே பார்த்தபடி வந்தேன். கீழே அறைக்குள் போனால்தான் குமட்டும்.

வாசல் என்பது இரண்டு பெரிய செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. 1857-ல் டன்பார் என்ற கப்பல் இரவில் இந்தப் பாறையில் மோதி 121 பேர் இறந்தார்கள்; பிழைத்தவர் ஒரே ஒருவர். தங்கை இதை உள்ளே வந்த பிறகுதான் சொன்னாள், நல்ல வேளை! அலைகள் பாறையில் அடித்துத் திரும்பி வருவதால், நாலு பக்கமும் தண்ணீர் குதிக்கிறது. சுக்கான் தங்கை கையில். மாப்பிள்ளை கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் சொன்னதைச் செய்தார்.

அப்போதுதான் மேன்லி ஃபெர்ரி வந்தது, மாடி வீடு நகர்ந்து வருவது போல. பொதுவாக மோட்டார் படகுதான் பாய்மரத்துக்கு வழி விட வேண்டும். ஆனால் சிட்னியில் ஆரஞ்சு நிற வைர அடையாளம் மாட்டிய ஃபெர்ரிக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும்.

"அக்கா, இந்தக் கம்பிக்கு நேரா ஃபெர்ரியைப் பாரு. கம்பியை விட்டு விலகுதா, அங்கேயே நிக்குதா?"

"அங்கேயேதான்டி நிக்குது. பெருசாகிட்டே வருது!"

திசை மாறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப் போகிறோம் என்று அர்த்தமாம். உடனே சுக்கானைத் திருப்பினாள். பாய் படபடவென்று அடித்தது, படகு மறுபக்கம் சாய்ந்தது. என் பெண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஃபெர்ரி எங்களுக்கு முன்னால் கடந்து போனது. அதிலிருந்து ஒரு குழந்தை கையாட்ட, என் பெண்ணும் ஆட்டினாள்! சின்ன வயதில் குளத்தில் இறங்கவே பயந்தவள் என் தங்கை. "வந்த புதுசுல தனியா இருந்தேன் இல்லக்கா, அப்ப கத்துக்கிட்டேன்" என்றாள், சாதாரணமாக.

அன்றிரவு மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் அத்தோல் விரிகுடாவில் நங்கூரம். எதிரே பாலமும் ஆபரா ஹவுஸும் ஜொலிக்கின்றன. ஆனால் தூக்கம்தான் இல்லை. ஒவ்வொரு ஃபெர்ரி போகும்போதும் படகு தொட்டிலாட்டம்.

சிட்னி போகும் தோழியர் படகு தேட வேண்டாம். சர்குலர் கீயிலிருந்து மேன்லி ஃபெர்ரியில் ஏறி, போகும்போது வலது பக்கம் உட்காருங்கள். அரை மணிப் பயணத்தில் அந்த வாசல் நன்றாகவே தெரியும். கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும், காற்று ஆளையே தூக்கும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்