பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

பாலுக்கும் காவலாக, பூனைக்கும் தோழனாக ஒருவரே இருக்க முடியுமா? அரசுக்கு ஆலோசனை கூறும் அறிவியலறிஞர், அந்த ஆலோசனையால் லாபமோ நட்டமோ அடையும் நிறுவனத்திடமே ஊதியம் பெற்றால் என்ன நேரும்? அமெரிக்காவில் பெட்ரோலில் காரீயம் கலந்த வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

இடித்த எஞ்சின்

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை, தீப்பொறி பட்டதும் சீராக எரிய வேண்டும். அதன் ஒரு பகுதி தானாகவே வெடித்துவிட்டால் எஞ்சின் ‘டக் டக்’ என்று இடிக்கும், திறன் குறையும். டெட்ரா எத்தில் லெட் என்னும் காரீயச் சேர்மத்தைச் சிறிதளவு சேர்த்தால் இடிப்பு நின்றுவிடும் என்று 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி கண்டார். 1924-இல் அந்த நிறுவனமும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனமும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷனைத் தொடங்கின.

காரீயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த செய்திதான். அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் சித்தம் கலங்கி இறந்தனர். 1925 மே மாதம் அரசு கூட்டிய மாநாட்டில் ஆலிஸ் ஹாமில்டன், யாண்டல் ஹெண்டர்சன் ஆகியோர் இதன் ஆபத்தை எடுத்துரைத்தனர். மறு ஆண்டு நிபுணர் குழு இரண்டு கருத்துகளைக் கூறியது: தடை விதிக்கப் போதிய ஆதாரம் இல்லை, ஆனால் அரசுப் பணத்தில் ஆய்வு தொடர வேண்டும். முதல் கருத்து நடைமுறைக்கு வந்தது; இரண்டாவது ஏட்டளவில் நின்றது. அடுத்த நாற்பது ஆண்டுகள் ஆய்வின் பெரும்பகுதி தொழில் நிறுவனங்களின் பணத்திலேயே நடந்தது.

ஒப்பீட்டில் ஒரு பிழை

அந்த ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கியவர் மருத்துவர் ராபர்ட் கீஹோ. அவர் எத்தில் நிறுவனத்தின் மருத்துவ ஆலோசகர். சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் தலைவரும் கூட. அவர் பொய் கூறினார் என்று நீங்கள் எண்ண வேண்டா. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. காரீயத்தைக் கையாளும் தொழிலாளர்களை அதே ஆலையின் பிற தொழிலாளர்களோடு அவர் ஒப்பிட்டார். இரு சாராரிடமும் காரீயம் இருந்தது. மெக்சிகோவில் ஒரு கிராமத்து மக்களிடமும் இருந்தது. ஆனால் அவர்களுடைய மண்பாண்டங்களில் காரீய மெருகு பூசியிருந்தார்கள்! ஆகவே உடலில் காரீயம் இருப்பது இயற்கை, ஓர் அளவு வரை தீங்கில்லை என்று அவர் முடிவு கட்டினார்.

எல்லோரிடமும் இருப்பது வேறு, இயற்கையாக அமைந்தது வேறு அல்லவா? இந்த வேறுபாட்டைக் காட்டியவர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் கணித்தவர் இவரே. அதற்காக மிக நுண்ணிய அளவில் காரீயத்தை அளந்தபோது, தூசியிலிருந்தும் காற்றிலிருந்தும் காரீயம் வந்து புகுந்துகொண்டே இருந்தது. மிகத் தூய்மையான ஆய்வுக்கூடம் அமைத்த பிறகே சரியான அளவு கிடைத்தது. அமெரிக்கர் உடலிலுள்ள காரீயம் இயற்கை அளவைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு என்று 1965-இல் அவர் எழுதினார். எண்ணெய்த் தொழில் அமைப்பிலிருந்து அவருக்கு வந்த நிதி நின்றது. 1971-இல் காற்றிலுள்ள காரீயம் பற்றி அறிக்கை அளித்த தேசிய ஆய்வுக் குழுவில் அவருக்கு இடமில்லை. தொழில்துறையினரின் செல்வாக்கு அதில் மிகுதி என்ற கண்டனமும் எழுந்தது.

இரத்தம் சொன்ன உண்மை

1973 முதல் அமெரிக்க அரசு பெட்ரோலில் காரீயத்தைப் படிப்படியாகக் குறைக்க விதிகள் வகுத்தது. 1976–80-இல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 12.8 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 1988–91-இல் அது 2.8 ஆயிற்று. உணவு டப்பாக்களின் பற்றாசில் காரீயம் நீங்கியதும் இதற்கு உதவிற்று. இயற்கையானது என்றால் இப்படிக் குறைந்திருக்குமா? இந்தியா 2000-இல் காரீயப் பெட்ரோலைக் கைவிட்டது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் நஞ்சைச் சுமந்தவை, வளரும் மூளையுள்ள குழந்தைகளின் உடல்களே.

இனி நிலக்கரி, எண்ணெய், அணு, சூரிய ஆற்றல் என எதைப் பற்றி நிபுணர் அறிக்கை வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆய்வுக்குப் பணம் தந்தவர் யார்? எதை எதனோடு ஒப்பிட்டார்கள்? தீங்கில்லை என்று விற்பவர் நிரூபிக்க வேண்டுமா, தீங்கு உண்டு என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டுமா? 1926-இல் மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த விடையை மாற்றப் பல பத்தாண்டுகள் ஆயின.