பழைய சர்வரில் புதிய கிட்

பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழ் மக்களுக்கு லினக்ஸ் என்னும் பெயர் புதிதன்று. கேரளக் கல்வித்துறை 2001-இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2017-இல் ‘கைட்’ என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. அதன் வாயிலாகப் பள்ளிக் கணிப்பொறிகளில் லினக்ஸ் இடம்பெற்றது. தமிழ்வழி பயிலும் நம் குழந்தைகளும் அதிலேயே பயில்கின்றனர். அவர்கள் வளர்ந்து கோவையிலோ கொச்சியிலோ பணியில் அமரும்போது, பத்தாண்டுகளுக்கு முன் அமைத்த ஒரு சர்வரைக் காக்கும் பொறுப்பு அவர்களைச் சேரக்கூடும். அதிலுள்ள ‘கிட்’ மென்பொருளைப் புதுப்பிப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நிலம் வைத்திருப்போர் மூலப் பத்திரத்தின் அருமையை அறிவர். நிலம் யாரிடமிருந்து யாருக்கு, எந்நாளில் கைமாறியது என்பதற்கு அதுவே சான்று. மென்பொருள் எழுதுவோருக்கு அத்தகைய பத்திரக்கட்டு கிட். எந்த வரியை, யார், எப்போது, எதன்பொருட்டுத் திருத்தினர் என்பதை அது காத்து வைக்கின்றது. இவ்வகை மென்பொருள் 1972-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ரோச்கைண்டு என்பவரால் தோன்றியது. கிட்டை 2005-இல் உருவாக்கியவர் லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ். அவ்வாண்டு முதல் அதனைப் பேணி வருபவர் ஜூனியோ ஹமானோ.

2014-இல் வெளிவந்த ‘சென்டோஸ் 7’ என்னும் லினக்ஸை எடுத்துக்கொள்வோம். அதனுடன் வந்த கிட், 1.8.3.1 பதிப்பு. எண் பழையது என்பதனாலேயே அது பழுதுடையது என்று கொள்ளலாகாது. பதிப்பெண்ணை மாற்றாமலே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் சேர்த்து வழங்குவது இத்தகைய லினக்ஸ்களின் வழக்கம். ஆனால் 2024 ஜூன் 30-ஆம் நாளோடு அவ்வாதரவு முடிவுற்றது. பழைய பொதிகள் ‘வால்ட்’ என்னும் காப்பகத்திற்குச் சென்றன. இதுவே உண்மையான அபாயம். வேறோர் இடரும் உண்டு. ‘கிட்ஹப்’ தளத்தின் தானியங்கிப் பணிகளில் கோப்புகளை எடுத்துத் தரும் கருவி, கிட் 2.18-க்குக் கீழ்ப்பட்டதாயின், கோப்புகளை மட்டும் இறக்கித் தருகின்றது. திருத்த வரலாறு உடன் வருவதில்லை.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலில் களஞ்சியங்களை ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையால் சோதித்து, ‘மிரர்’ முறையில் வேறொரு கணிப்பொறியில் பிரதி எடுத்தல் வேண்டும். அப்பிரதியில் ‘ஹூக்’ என்னும் தானியங்கிக் குறிப்புகளும் அமைப்புக் கோப்பும் சேரா. அவற்றைத் தனியே எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்து, பழைய கிட்டை முந்திக்கொண்டு நீக்கலாகாது. அதனைச் சார்ந்த பிற பொதிகளும் உடன் நீங்கிவிடக்கூடும். புதியதன் மூல நிரலைக் கையொப்பம் சரிபார்த்துப் பெற்று, ‘ஆப்ட்’ போன்ற தனி அடைவில் தொகுத்து நிறுவுவதே நலம். தொகுப்பதற்குச் சி மொழித் தொகுப்பியும், கர்ல், எக்ஸ்பாட், இசட்லிப் ஆகிய நூலகங்களின் ஆக்கக் கோப்புகளும் தேவை. ‘கான்ஃபிகர்’ செய்து தொகுக்கும்போது கர்ல் இல்லாவிடினும் வேலை தடையின்றி முடிந்ததுபோல் தோன்றும். பின்னர் எச்டிடிபிஎஸ் வழியாகக் கொடுக்கல் வாங்கல் நடைபெறாது.

நிறுவியபின், எப்பதிப்பு இயங்குகின்றது என்று கேட்டறிதல் வேண்டும். நம் கணக்கில் புதியது விடையளிக்கலாம். எனினும் ‘கிரான்’ வாயிலாக இரவில் ஓடும் வேலைகள் தமக்கெனத் தனித் தேடுவழி உடையவை. அவை பழையதையே அழைத்துக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பணிக்கணக்கிலும் சோதித்தல் அவசியம்.

மற்றொன்று: 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பு முதல், களஞ்சியத்தின் உரிமையாளர் ஒருவராகவும் கட்டளையிடுபவர் வேறொருவராகவும் இருப்பின் கிட் பணி செய்ய மறுக்கும். பிறர் வைத்த தீய அமைப்பை நாமறியாது இயக்கிவிடாதிருக்கவே இக்காவல். சினந்து எல்லா அடைவுகளுக்கும் பொது அனுமதி வழங்கிவிடாமல், உரிமையைச் சீராக்குதலோ, நம்பத்தக்க அடைவை மட்டும் குறிப்பிடுதலோ தக்கது.

புதிய கிட் பழைய களஞ்சியத்தை உள்ளவாறே படிக்கும். எனவே இடையில் இடர் நேரினும் தேடுவழியை மாற்றிப் பழையதற்குத் திரும்பலாம்.

எனினும் கிட்டைப் புதுப்பித்தல் ஒரு முட்டுக்கொடுத்தலே. அதன் அடியிலுள்ள லினக்ஸும், குறிமுறை நூலகங்களும் பழையனவாகவே நிற்கின்றன. அவகாசம் கிடைத்ததும் ஆதரவுள்ள லினக்ஸைப் புதிய சர்வரில் நிறுவி, களஞ்சியங்களை அங்கே குடியேற்றுவதே முடிவான தீர்வு. பலர் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த திருத்த வரலாறு அழிந்தால், நிரல் எஞ்சினும் அதன் காரணங்கள் எஞ்சமாட்டா. ஆகவே பிரதி எடுக்கும் வேலையையேனும் இன்றே முடித்துவிடுதல் நன்று.