எண்ணுப்பெயர்களும் மொழியுறவும்

வடமொழி அஷ்டமும் தமிழ் எட்டும் ஒத்திருத்தலின் தமிழ் வடமொழியினின்றே தோன்றியது என்று விடுதி நண்பரொருவர் ஒருநாள் வாதித்தார். அன்று எமக்கு விடை தோன்றவில்லை. பின்னர் ஐரோப்பிய எண்ணுப்பெயர்களை அறிஞர் ஆராய்ந்த முறையைக் கற்றபோதே தெளிவு பிறந்தது. அதனை ஈண்டு விளக்குவாம்.

மூன்று என்பதனை இலத்தீனில் திரேஸ், கிரேக்கத்தில் திரெயிஸ், ஆங்கிலத்தில் திரீ, இருஷிய மொழியில் திரி என்பர். ஒரு குடிப்பிறந்தார் முகச்சாயல்போல இவ்வொப்புமை யார்க்கும் புலப்படும். ஆனால் நூறு என்பதனை நோக்குக. இலத்தீனில் அது கெந்தும், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட். செவிக்கு இவை அயற்சொற்களே. மொழிநூலாரோ இவற்றை உடன்பிறந்தன என்பர். என்னை? இலத்தீனிற் ககரம் முதலாய சொற்களுக்கு இனமான ஆங்கிலப் பழஞ்சொற்கள் ஹகரம் முதலாக வருதல் நூற்றுக்கு மட்டும் உரியதன்று. கொம்பு முன்னதிற் கோர்னூ, பின்னதில் ஹார்ன். இருதயம் முன்னதிற் கோர், பின்னதில் ஹார்ட். கிரேக்கரின் பகரமும் இவ்வாறே ஜெர்மானிய மொழிகளில் ஃபகரமாகும். ஐந்து அவர்க்குப் பெந்தெ, பழைய காதியர்க்கு ஃபிம்ஃப். தகரத்திற்கும் விதியுண்டு, நம் எழுத்து அந்நுட்பத்தைப் பிரித்துக் காட்டாமையின் அதனை விடுத்தோம். டென்மார்க்கு நாட்டு ராஸ்க் 1818இலும், ஜெர்மானியரான யாக்கோபு கிரிம் 1822இலும் இம்மாறுதல்களை எடுத்துக் காட்டினர். செஞ்சுரி என்னும் ஆங்கிலச்சொல் இவ்விதிக்கு அடங்காமையே அது பிற்காலத்து வந்தேறியது என்பதற்குச் சான்றாம். ஆகவே உறவைக் காட்டுவது ஓசையொப்புமை அன்று, மாறுதலின் ஒழுங்கே.

இதன் மறுதலையும் உண்டு. பின்லாந்து மொழியில் நூறு சதா எனப்படும். வடமொழிச் சதத்தோடு எத்துணை ஒப்பு! ஆயினும் அம்மொழியில் இரண்டு கக்சி, மூன்று கொல்மே, நான்கு நெல்யா. அது வேறொரு குடியைச் சார்ந்த மொழி. நூற்றின் பெயரை மட்டும் பண்டை இந்திய ஈரானியக் கூட்டத்தாரோடு பழகியபோது கடன் கொண்டது. சிற்றெண்களினும் பேரெண்களே இங்ஙனம் எளிதில் இடம்பெயரும்.

இனி நண்பர்க்கு விடை. எண்பது, எண்ணூறு என்பவற்றில் எட்டின் அடி எண் என நிற்கிறது. அஷ்டத்தில் அம்மூக்கொலிக்கு இடமேயில்லை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட எண்ணுப்பெயர்களை வேறாக ஆராய்ந்துள்ளார். நண்பர் எட்டை விடுத்து ஆயிரத்தைக் காட்டியிருப்பின் யாம் உடன்பட்டிருப்போம். அது சகஸ்ரத்தின் திரிபென்பர். கன்னடத்துச் சாவிரம் இடைப்பட்ட வடிவைக் காட்டும். ஆனால் அதுவும் பின்லாந்தியரின் சதாவைப்போலக் கடனே.