தேயிலைப் பெட்டியின் கொட்டை எழுத்து

தமிழில் 'கொட்டை எழுத்து' என்று வழங்கும் தடித்த எழுத்தின் வலிமை அதில் ஏறியுள்ள மையின் அளவால் மட்டும் அமைவதன்று. மை படாமல் எழுத்துக்குள் எஞ்சி நிற்கும் வெற்றிடத்தைப் பொறுத்தே அது வாசிக்கத்தக்கதாகிறது. அச்சுக்கலையின் அடிப்படையான இவ்வுண்மையை, ஊவா மாகாணத் தோட்டங்களிலிருந்து கொழும்புக்கும் அங்கிருந்து கடல் கடந்தும் சென்ற தேயிலைப் பெட்டிகளின் பலகையில் தெளிவாகக் காணலாம்.

ஆங்கில எழுத்தின் கோடுகள் முடியும் இடத்தில் பாதம் போலக் குறுக்காக நிற்கும் சிறு முனைக்குச் 'செரிஃப்' என்று பெயர். நூல்களில் வாசிப்புக்குரிய மெல்லிய எழுத்தில் இப்பாதம் கூர்மையாகவும் நுண்மையாகவும் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் தொழிற்சாலைப் பொருள்களும் சுவரொட்டி விளம்பரங்களும் பெருகி, தெருவின் மறுபுறத்திலிருந்தே கண்ணில் படும் எழுத்து தேவைப்பட்டபோது, வின்சன்ட் ஃபிகின்ஸ் போன்ற எழுத்து வார்ப்பாளர்கள் பாதத்தையும் ஏறக்குறைய தண்டின் அளவுக்கே தடிப்பாக்கினர். எகிப்து மீதான மோகம் ஐரோப்பாவில் பரவியிருந்த காலமாதலால் இவ்வகைக்கு 'எகிப்தியன்' என்ற பெயரும் நிலைத்தது. 1845ஆம் ஆண்டு லண்டனின் ஃபான் ஸ்ட்ரீட் வார்ப்பகத்தில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட 'கிளாரண்டன்', தண்டும் பாதமும் சேரும் மூலையை மென்மையான வளைவால் நிரப்பி, தடிப்புக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. அகராதியில் தலைச்சொல்லை அதன் விளக்கத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்கு ஏற்ற துணையெழுத்தாக வந்த அது, பதிவுச் சட்டம் அளித்த மூன்றாண்டுப் பாதுகாப்பு முடிந்ததும் பிற வார்ப்பகங்களால் பரவலாக நகலெடுக்கப்பட்டது.

இலங்கையின் மலைநாட்டில் தேயிலை வேரூன்றியதும் இதே நூற்றாண்டில்தான். 1869இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயால் கோப்பித் தோட்டங்கள் அழிந்தபின் தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தனைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்று அழைக்கும் தொழிற்சாலையில் கொழுந்து வாடவைக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, உலர்த்தித் தரம் பிரிக்கப்பட்டபின், உலோகத்தாள் உள்ளொட்டிய ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் நிரப்பப்பட்டது. தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், பெட்டியின் இலக்கம், எடை ஆகியவை ஒவ்வொரு பெட்டியின் புறத்திலும் தெரிந்தாக வேண்டும். ஏனெனில் தோட்டத்திலிருந்து கொள்வனவாளர் வரை பெட்டி கைமாறிய ஒவ்வோர் இடத்திலும் அந்த எழுத்தே அதன் அடையாளமாக இருந்தது.

அந்த எழுத்தைப் பதிக்க உதவியது ஸ்டென்சில், அதாவது எழுத்தின் வடிவம் வெட்டியெடுக்கப்பட்ட தகடு. தகட்டைப் பலகைமேல் வைத்து மைத்தூரிகையை ஓட்டினால், வெட்டிய இடத்தில் மட்டும் மை படியும். ஆனால் இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ என்னும் தரத்தின் சுருக்கமான மூன்று ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொண்டால், முதல் எழுத்தில் இரண்டும் மற்ற இரண்டில் ஒவ்வொன்றுமாக நான்கு மூடிய வெற்றிடங்கள் உள்ளன; எழுத்தை அப்படியே வெட்டினால் அந்த நான்கு துண்டுகளும் தகட்டிலிருந்து உதிர்ந்து, எழுத்துகள் வெறும் கறுப்புத் திட்டுகளாகிவிடும். ஆகவே உள்துண்டைத் தகட்டோடு பிணைக்கும் சிறு பாலங்கள் விடப்படுகின்றன. மெல்லிய எழுத்தில் இத்தகைய வெட்டு வடிவத்தையே குலைத்துவிடும். தடித்த தண்டும் அகன்ற பாதமும் உள்ள எழுத்தோ, நடுவில் அறுபட்டாலும் தன் உருவத்தை இழப்பதில்லை. 1937இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹண்டர் மிடில்டனும் ஜெரி பவலும் ஒரு மாத இடைவெளியில் தனித்தனியே 'ஸ்டென்சில்' என்ற பெயரில் அச்செழுத்துகளை வெளியிட்டபோது, இருவரும் கிளாரண்டன் சாயலிலுள்ள தடித்த செரிஃபையே அடிப்படையாகக் கொண்டது இக்காரணத்தை உறுதிப்படுத்துகிறது.

தலைப்பு, பெயர்ப்பலகை, பொதியுறை, அகராதித் தலைச்சொல் ஆகியவற்றுக்குப் பொருந்தும் இந்த எழுத்து, நீண்ட வாசிப்புக்குப் பொருந்துவதில்லை. பத்தி முழுவதும் இதில் அமைந்தால் உள்வெளிகள் நெருங்கிப் பக்கமே இருண்டு கண்ணைச் சோர்வடையச் செய்யும்.

தமிழ் எழுத்தின் வரலாறு வேறானது. பனையோலையில் எழுத்தாணி கீறிய கோடு பெரும்பாலும் ஒரே தடிப்புடையது. வளைவும் சுழியுமே எழுத்துகளை வேறுபடுத்தின. எனவே பாதத்துக்கு அங்கு இடமில்லை. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது முதல் உலோக அச்சுக்குப் பழகிய தமிழ், தடிப்பும் மெலிவும் மாறிவரும் கோட்டைப் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. இன்று கணினியில் 'செரிஃப்' என்ற பெயரோடு வரும் தமிழ் எழுத்துருக்களிலும் அப்பெயர் பாதத்தைவிட இத்தடிப்பு வேறுபாட்டையே பெரிதும் சுட்டுகிறது. கோட்டைத் தடிப்பாக்கும்போது தமிழில் முதலில் ஆபத்துக்குள்ளாவது சுழி. ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரேயொரு சுழிதான் என்பதால், அது மையால் அடைபட்டால் சொல்லே மாறிவிடக்கூடும். 'பதுளை' என்ற பெயரிலும் சங்கிலிக்கொம்பின் சுழிகளும் ளகரத்தின் சுழியும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆகவே தமிழில் கொட்டை எழுத்தை வரைபவர் எழுத்தைச் சற்று அகலமாக்குவதோ, சுழியின் உட்புறக் கோட்டை மட்டும் மெலிவாக்குவதோ தவிர்க்க முடியாததாகிறது.

சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் ஒரே பலகையில் நிற்கும் இலங்கையின் புகையிரத நிலையங்களில் இதன் பயன் நேரடியானது. ஆங்கில எழுத்தின் பாதத்தைத் தமிழ் எழுத்தின் அடியில் ஒட்டவைப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. மூன்று மொழிகளுக்கும் ஒரே அளவு கருமையை அளித்து, ஒவ்வொன்றின் உள்வெளியையும் அதனதன் இயல்புக்கேற்பத் திறந்துவைப்பதே சமமான தோற்றத்தைத் தரும். பலகைப் பெட்டிகளின் இடத்தைக் காகிதப் பைகள் பெருமளவு பிடித்துக்கொண்டு, ஸ்டென்சில் தகடுகளின் தேவை குறைந்துவிட்ட பின்னும், உதிரவிருந்த அந்த நான்கு துண்டுகளைக் காத்த பாலங்களின் வேலையைத் தமிழ் எழுத்தில் சுழியைத் திறந்துவைக்கும் வடிவமைப்பாளரின் கை தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது.