பழைய இரும்பும் கதிர்வீச்சும்: கிராமத் தொண்டர்கள் எதற்கு?

காணி துப்புரவாக்கும்போது மிதிவெடி பற்றிக் கவனமாக இருக்கும்படி உங்களுக்குப் பலமுறை சொல்லியிருப்பார்கள். பழைய இரும்பு சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். அது வெடிக்காது, மணக்காது. ஆனாலும் உயிரை எடுக்கும்.

1987 செப்டெம்பரில், பிறேசிலின் கோயானியா நகரில் கைவிடப்பட்ட சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்து இருவர் ஒரு இயந்திரப் பாகத்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே இருந்தது சீசியம்-137. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூள் உறவினர், அயலவர் கைகளுக்கும் போனது. விடயம் தெரியவர இரண்டு கிழமைக்கு மேலாயிற்று. நால்வர் இறந்தார்கள்.

செய்தி பரவியதும் சுமார் 112,000 பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் ஒரு விளையாட்டரங்கில். மாசு கண்டறியப்பட்டவர்கள் 249 பேர், அதாவது ஏறத்தாழ 450 பேருக்கு ஒருவர். மற்றவர்களைக் கொண்டுவந்தது பயம். அளவுகருவி பிடிக்கத் தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் சிலர்தான். பெயர் பதிவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது, பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது போன்றவற்றைப் பயிற்சி பெற்ற ஊரவர்கள் செய்யலாம்.

சுகாதாரத் தொண்டர், முன்பள்ளி ஆசிரியை, மாதர் சங்க உறுப்பினர் போன்றோரை இப்போதே தெரிவுசெய்து கிராம அலுவலரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். அனர்த்த நாளில் ஆள் தேடக் கூடாது. கர்ப்பிணிகளை இந்த வேலையில் சேர்க்க வேண்டாம்.

தொண்டர் முதலில் பழக வேண்டியது உடை மாற்றுவிப்பது. மேலுடையைக் கழற்றினாலே உடலிலுள்ள தூளின் பெரும்பகுதி போய்விடும். அதைப் பொலித்தீன் பையில் கட்டி ஒதுக்குப்புறமாக வைக்க வேண்டும். பெண்களுக்கு மறைப்பும் மாற்றுடையும் இல்லாவிட்டால் இது நடக்காது. எங்கள் ஊர்களில் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பிறகு சவர்க்காரமிட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். தேய்த்துத் தோலைக் காயப்படுத்தக் கூடாது. படுகாயமடைந்தவருக்கு முதலில் உயிர்காக்கும் சிகிச்சை, கழுவுவது அதற்குப் பின்புதான்.

கோயானியாவில் இறந்த ஆறு வயதுச் சிறுமியை அடக்கம் செய்யவும் ஊரார் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 'முகாமிலிருந்து வந்தவர்கள்' என்று ஒதுக்கப்பட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். கழுவிச் சோதித்து அனுப்பப்பட்டவரால் மற்றவருக்கு ஆபத்தில்லை என்று வீடு வீடாகச் சொல்வதும் தொண்டரின் வேலைதான்.

மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் அடையாளமிட்ட பொருளையோ, அளவுக்கு மீறிப் பாரமான உலோக உருளையையோ கண்டால் எடுக்காதீர்கள், உடைக்காதீர்கள். பிள்ளைகளைத் தூர விலக்கிவிட்டு 119 பொலிஸ் அல்லது 117 அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவியுங்கள்.