பம்ப் வேண்டாம், கப்பி மீன் போதும்

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பால்கனித் தோட்டம் போடுகிறவர்களுக்குச் செடிகள் நிறைந்ததும் அடுத்த ஆசை தண்ணீரின் மேல்தான். பம்ப் வைத்த குட்டி நீரூற்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாசியும் சருகும் பம்ப்பை அடைத்துவிடும். ஊருக்குப் போகும்போது ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கிளம்புவோம். பிறகு அது தேங்கிய தண்ணீர்தான்.

மும்பையில் அது லேசான விஷயமில்லை. 1911-இல் பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்த டாக்டர் பென்ட்லி, வீட்டுக் கிணறுகளைத்தான் முக்கியக் குற்றவாளியாகக் காட்டினார். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்ஸி கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். டெங்கு பரப்பும் கொசுவும் அப்படித்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மாநகராட்சி ஆட்கள் மொட்டைமாடி வரை ஏறிப் பார்ப்பதும், கொசுப்புழு நெளிந்தால் நோட்டீஸ் கொடுப்பதும் இதனால்தான். கிணறுகளில் அவர்களே விடுவது, அந்தப் புழுவைத் தின்னும் கப்பி மீன். நாமும் அதையே ஒரு அல்லித் தொட்டியில் செய்யலாம்.

தொட்டிக்குத் தாராவி கும்பார்வாடாவுக்குப் போங்கள். குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் பேட்டை அது. இரண்டடி அகலத்தில் சொல்லி, விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு துளையும் கேளுங்கள். ஈரமண்ணில் அது நொடி வேலை. சூளையில் வெந்தபின் துளைத்தால் விரிசல் விடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், மிகுதி நீர் போக வழியில்லாவிட்டால் மீனும் சேர்ந்து கீழ்வீட்டுக்குப் போகும். துளையில் வலை கட்டுங்கள். மண்தொட்டி கசியும்; உள்ளே சிமென்ட் பால் பூசுங்கள். பிறகு ஒரு வாரம் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டினால் சிமென்ட்டின் காரம் போய்விடும்.

ஓரடி ஆழம் நிரப்பினால் சுமார் 90 லிட்டர், அதாவது 90 கிலோ. தொட்டியின் எடை வேறு. பால்கனி நுனியில் வைக்காமல் சுவரோரம் வையுங்கள். குடியிருப்புச் சொசைட்டியிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அல்லியைச் சின்னச் சட்டியில் களிமண்ணில் நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி இறக்குங்கள். தேங்காய்நார்த் தூள் கலந்த மண் மிதந்துவிடும். தினம் ஐந்து மணி நேரமாவது வெயில் வேண்டும். இலை பாதித் தண்ணீரை மூடினால் பாசி அடங்கும். குழாய்த் தண்ணீரை ஒருநாள் அப்படியே விட்டு, குளோரின் போனபின் ஏழெட்டுக் கப்பிகளை விடுங்கள்.

பிறகு வேலை அதிகமில்லை. வற்றியதை நிரப்பி, பழுத்த இலையைக் கிள்ளினால் சரி. கப்பி குட்டி போட்டுப் பெருகும். மிஞ்சியதைப் பவாய் ஏரியில் விடாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது, நம்மூர் மீன்களுக்கு இடைஞ்சல். தொட்டி வைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுங்கள்.